100 டாலர் லென்ஸை மதுரையில் செய்ய வைத்தவர்: கோணிய விரல்களோடு கத்தி பிடித்த டாக்டர் வெங்கடசாமி யார்?

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கம் வீட்டில் பெரியவங்க யாருக்காவது கண்ணில் புரை விழுந்துட்டா, அடுத்த பேச்சு பெரும்பாலும் திருநெல்வேலி பத்தித்தான் இருக்கும். ஜங்ஷன் பக்கம் இருக்கும் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு எப்போ கூட்டிட்டுப் போறது, கூட யார் போறது, பஸ்ஸா ரயிலா என்று பேச்சு ஓடும். ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வரும் தாத்தாவின் கண்ணுக்குள் ஒரு குட்டி லென்ஸ் உட்கார்ந்திருக்கும். அது எங்கே செய்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும், வெளிநாட்டுச் சரக்காத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வோம்.

அது மதுரையில் செய்தது. 1990-களின் தொடக்கம் வரை அந்த லென்ஸ் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும்தான் வரணும். ஒரு லென்ஸ் ஏறக்குறைய 100 டாலர். கூலி வேலைக்குப் போகிற ஒருவருக்கு அது எட்டாத காசு. அந்த விலையை உடைத்தவர் ஒரு தொழிலதிபர் இல்லை. பேனாவைக்கூட சரியாகப் பிடிக்க முடியாமல் விரல்கள் கோணிப்போன ஒரு கண் டாக்டர். அவர் பெயர் கோவிந்தப்ப வெங்கடசாமி. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு டாக்டர் வி.

மணலில் எழுதிப் படித்தவர்

வெங்கடசாமி பிறந்தது 1918 அக்டோபர் 1. ஊர், எட்டயபுரம் பக்கத்தில் உள்ள அயன் வடமலாபுரம். இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம். ஆனால் அவர் பிறந்தபோது எட்டயபுரமும் தென்காசியும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருந்தன. தென்காசி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தானே. அதனால் அவரை நம்ம பழைய நெல்லைச் சீமைக்காரர் என்று சொந்தம் கொண்டாடினால் தப்பில்லை.

கரிசல் காட்டு விவசாயக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஆரம்பத்தில் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. காகிதம், பென்சில் எல்லாம் பெரிய விஷயம். மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதித்தான் எழுத்துப் பழகியிருக்கிறார். விரல் என்ற சொல் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும், கவனிச்சுக்கோங்க.

சின்ன வயதில் அவருடைய உறவுப் பெண்கள் மூன்று பேர் பிரசவத்தில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். பக்கத்தில் டாக்டர் இல்லை. அந்தச் சாவுகள்தான் அவரை மருத்துவம் பக்கம் தள்ளின. பிரசவ டாக்டர் ஆகணும் என்பதுதான் முதல் ஆசை. கண்ணைப் பற்றி அப்போது யோசனையே கிடையாது.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 1944-ல் டாக்டர் பட்டம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்துவிட்டார். அதுவரைக்கும் எல்லாம் நேர்கோட்டில்தான் போனது.

படுக்கையில் போட்ட நோய்

ராணுவத்தில் இருக்கும்போதுதான் முடக்குவாதம் பிடித்தது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்வது. சாதாரண மூட்டுவலி இல்லை இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கும். மூட்டுகள் வீங்கும், சூடாகும், கொஞ்சம் கொஞ்சமாக எலும்பே இடம் மாறும். இன்றைக்கு இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. 1940-களில் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்த படுக்கை. எழுந்து நிற்க முடியவில்லை. 1948-ல் ராணுவம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

நோய் கொஞ்சம் தணிந்தபோது கை விரல்கள் நிரந்தரமாக வளைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தன. பிரசவம் பார்க்க நீண்ட நேரம் நிற்கணும், கையில் பலம் வேணும். அந்தக் கனவு அத்தோடு முடிந்தது. வேறு துறை தேடியவர் கண் மருத்துவத்துக்கு வந்தார். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் மேற்படிப்பு. 1951-ல் முதுநிலைப் பட்டம்.

யோசித்துப் பாருங்க. பலம் குறைவாகத் தேவைப்படுகிற துறை கண் மருத்துவம் என்பது உண்மைதான். ஆனால் நுணுக்கம் அதிகமாகத் தேவைப்படுகிற துறையும் அதுதான். ஒரு மில்லிமீட்டர் தவறினால் பார்வை போயிடும். விரல் மடங்காதவர் அங்கேதான் போய் நின்றார். முதலில் பேனா பிடிக்கப் பழகினார். பிறகு கத்தி. தன் விரல்கள் எந்தக் கோணத்தில் நிற்குதோ அந்தக் கோணத்துக்குத் தகுந்த மாதிரி கருவிகளை வடிவமைத்துக்கொண்டார். அந்த விரல்களை வைத்துக்கொண்டே வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தார்.

கருவின்னா ஜெர்மனிதான்

இந்த இடத்தில் கொஞ்சம் வெளியே போயிட்டு வரணும். ஆபரேஷன் கருவிகள் என்றாலே ஜெர்மனி என்ற பெயர் ஏன் வந்தது?

தெற்கு ஜெர்மனியில், டான்யூப் ஆற்றின் மேல்பகுதியில் டுட்லிங்கன் என்று ஒரு சின்ன ஊர். கத்தி, கத்தரிக்கோல் அடிக்கிற பட்டறைகள் நிறைந்த ஊர். அங்கே காட்ஃபிரீட் யெட்டர் என்ற கத்தித் தொழிலாளி 1867-ல் ஆபரேஷன் கருவிகள் செய்ய ஒரு பட்டறை போட்டார். அதுதான் பிறகு பாம்பு சுற்றிய கோலைச் சின்னமாகக் கொண்ட ஈஸ்குலாப் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அதைச் சுற்றி ஒன்று, பத்து, நூறு என்று பட்டறைகள் பெருகின. இன்றைக்கும் அந்த ஒரே ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் மருத்துவக் கருவி செய்யும் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நம்ம சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி, டுட்லிங்கனுக்குக் கத்தரியும் இடுக்கியும்.

இன்னொரு ஊர் மெல்சுங்கன். அங்கே 1839-ல் யூலியுஸ் வில்ஹெல்ம் பிரவுன் வாங்கிய ஒரு மருந்துக்கடைதான் இன்றைய பி. பிரவுன் நிறுவனத்தின் தொடக்கம். கிருமி நீக்கிய தையல் நூலை அவர்கள் 1908-லேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டுக் குடலிலிருந்து எடுக்கிற நூல் அது. இங்கிலீஷில் பூனைக் குடல் என்று பெயர், ஆனால் பூனைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. 1976-ல் ஈஸ்குலாபையும் அவர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

கண் மருத்துவத்திலும் ஜெர்மனியின் கை ஓங்கித்தான் இருந்தது. கண்ணின் உள்ளே பார்க்க உதவும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் கொண்டுவந்தார். பெர்லினில் இருந்த ஆல்பிரெக்ட் ஃபொன் கிரேஃப பெயரில் ஒரு மெல்லிய நீளக் கத்தி உண்டு. புரை ஆபரேஷனில் கருவிழி ஓரத்தை வெட்ட உலகம் முழுக்க பல தலைமுறை டாக்டர்கள் அதைத்தான் பிடித்தார்கள்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கு. டாக்டர் வி படித்த காலத்தில் நம் ஊர் ஆபரேஷன் தியேட்டரில் நல்ல கருவி, நல்ல நூல் என்றால் கப்பலில் வந்ததாகத்தான் இருக்கும். விலையும் அவர்கள் வைத்ததுதான். டாக்டர் நம்ம ஆள், நோயாளி நம்ம ஆள், ஆனால் கையில் இருக்கிற கத்தியும் தைக்கிற நூலும் வேற நாட்டு விலையில். இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய தடை என்பது பல வருஷம் கழித்துத்தான் அவருக்கு முழுசாக உறைத்தது.

அரசு ஆஸ்பத்திரியில் 20 வருஷம்

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர் ஆனார். இப்போது ராஜாஜி மருத்துவமனை என்று சொல்கிற எர்ஸ்கின் ஆஸ்பத்திரியில்தான் வேலை. அங்கே அவர் கண்டுகொண்ட உண்மை சாதாரணமானது. பார்வை போன கிராமத்து ஆள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். வரத் தெரியாது, கூட்டிட்டு வர ஆள் இல்லை, பஸ்ஸுக்குக் காசு இல்லை, வயசாச்சுல்ல என்று வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். அதனால் 1960-களில் ஆஸ்பத்திரியே கிராமத்துக்குப் போக ஆரம்பித்தது. பள்ளிக்கூடங்களில், கல்யாண மண்டபங்களில் கண் முகாம். அங்கேயே மேஜை போட்டு ஆபரேஷன்.

தென்காசி மாதிரி ஊரில் இதன் அர்த்தம் என்ன என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பக்கம் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றித்தான் குடும்பம் ஓடுது. இலையை வெட்டி, தூளை அளவாக வைத்து, நூலைச் சுற்றி முடிச்சுப் போடணும். பார்வை மங்கினால் எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். முழுசாகப் போனால் இன்னொருத்தர் வேலையை விட்டுட்டு அவங்களைப் பார்த்துக்கணும். ஒரு கண் போனால் வீட்டில் இரண்டு பேர் கூலி போகும்.

1973-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1976-ல் 58 வயது. அரசு விதிப்படி ஓய்வு.

11 படுக்கை, அடகுக்குப் போன நகை

ஓய்வு பெற்ற அரசு டாக்டர்கள் பெரும்பாலும் வீட்டு முன்னறையில் ஒரு கிளினிக் போடுவார்கள். டாக்டர் வி-யும் வீட்டில்தான் ஆரம்பித்தார். மதுரையில் ஒரு வீடு, 11 படுக்கை. ஆனால் அதில் பாதிக்கு மேல் காசு வாங்காத படுக்கைகள். ஸ்ரீ அரவிந்தர் மேல் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு, அதனால் ஆஸ்பத்திரிக்கு அந்தப் பெயர்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். அந்தக் குடும்பம்தான் இப்போது கூட வந்து நின்றது. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, கட்டட வேலைகளைக் கவனித்த தம்பி சீனிவாசன் என்று எல்லோரும் உள்ளே. டாக்டர் தம்பதிகள் அரசு வேலையை விட்டுவிட்டு இங்கே குறைந்த சம்பளத்துக்கு வந்தார்கள். வீட்டை அடமானம் வைத்தார்கள். கட்டடத்துக்குக் காசு போதாதபோது வீட்டு நகைகள் அடகுக்குப் போயின. நம்ம வீடுகளில் நகை அடகுக்குப் போவது கல்யாணத்துக்கும் காலேஜ் ஃபீஸுக்கும்தான். ஊரான் கண்ணுக்காக அடகு வைத்த குடும்பம் அபூர்வம்தான்.

1981-ல் மதுரையில் பெரிய கட்டடம் வந்தது. 1985-ல் தேனி. 1988-ல் திருநெல்வேலி. தென்காசிக்காரர்களுக்கு மதுரை வரை போகும் அலைச்சல் அதோடு குறைந்தது. பிறகு 1997-ல் கோவை, 2003-ல் புதுச்சேரி.

இத்தனை வேகத்துக்கு என்ன காரணம்? டாக்டர் வி என்றாலே மெக்டொனால்ட்ஸ் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்காவில் பர்கர் கடையைப் பார்த்து, எல்லா ஊரிலும் ஒரே தரத்தில், ஒரே வேகத்தில் பர்கர் கொடுக்க முடியும்னா கண் ஆபரேஷன் ஏன் முடியாது என்று யோசித்தார் என்பது கதை. அவர் அப்படிப் பேசியது உண்மைதான், ஆனால் கேட்க ஜோரா இருக்கிறதாலேயே அந்தக் கதைக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டார்கள் என்று தோணுது. உண்மையான வேலை ஆபரேஷன் தியேட்டருக்குள் நடந்தது. ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் டாக்டர் அப்படியே அந்தப் பக்கம் திரும்புவார். மைக்ராஸ்கோப்பும் கூடவே திரும்பும். டாக்டர் செய்யத் தேவையில்லாத அத்தனை வேலையையும் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் செய்வார்கள். பள்ளிப் படிப்பு முடித்த பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து உருவாக்கிய படை அது. அங்கே ஒரு டாக்டர் வருஷத்துக்கு 2,000 ஆபரேஷன் செய்வது சாதாரணம்.

ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு விதப் பார்வை

இப்போது லென்ஸுக்கு வருவோம்.

நம் கண்ணுக்குள் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கு. வயதாகும்போது அது கண்ணாடி மாதிரி இருந்த தெளிவை இழந்து பால் போல வெளுத்துப்போவதுதான் புரை. அந்தக் காலத்து ஆபரேஷனில் அந்த லென்ஸை அப்படியே வெளியே எடுத்துவிடுவார்கள். வெளிச்சம் உள்ளே வரும், ஆனால் குவியாது. அதனால் தடித்த கண்ணாடி போட்டே ஆகணும். சோடாபுட்டி கண்ணாடி என்று கேலி செய்வோமே, அதுதான். அதைப் போட்டால் எல்லாம் கால் பங்கு பெரிசாகத் தெரியும், பக்கவாட்டில் சரியாகத் தெரியாது, படி இறங்கும்போது கால் எங்கே வைக்கிறோம் என்று தடுமாறும். எல்லாத்தையும் விட, அது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடியும் குருடுதான். வயலில் வேலை பார்க்கிறவர் முகத்தில் அந்தக் கண்ணாடி எத்தனை மாசம் தாங்கும்?

இதற்கு மாற்று 1949-லேயே வந்துவிட்டது. போரில் விமானிகளின் கண்ணில் காக்பிட் பிளாஸ்டிக் துணுக்குகள் தெறித்து உள்ளேயே கிடந்தும் கண் அதை எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்தார் லண்டன் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி. அந்த வகை பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து 1949 நவம்பர் 29-ல் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். டாக்டர் வி சென்னையில் கண் மருத்துவம் பழகிக்கொண்டிருந்த அதே காலம் அது. பெரிய டாக்டர்கள் ரிட்லியைத் திட்டினார்கள். முறை செம்மையாகிப் பரவலாக 30 வருஷம் ஆனது. 1980-களில் பணக்கார நாடுகளில் எல்லோருக்கும் லென்ஸ். நமக்கு சோடாபுட்டி.

அரவிந்திலும் லென்ஸ் வந்தது. ஆனால் காசு கொடுத்தவர்களுக்குத்தான். இலவசப் பகுதியில் படுத்திருந்தவர்களுக்கு அதே தடித்த கண்ணாடி. அமெரிக்கக் கம்பெனிகள் தானமாகக் கொடுத்த லென்ஸ்கள் கொஞ்சம் வரும், தீர்ந்துபோகும். காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சிகிச்சை என்று சொல்லி ஆரம்பித்த இடத்தில், மாடிப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. 70 வயதைத் தாண்டிய அந்த மனுஷரை உறுத்தியது இதுதான். ஏழை நாடுகளுக்கு இந்த லென்ஸ் தேவையில்லை, முகாம் ஆபரேஷனில் வைத்தால் ஆபத்து, கண்ணாடியே போதும் என்று உலக அளவில் பல நிபுணர்கள் அப்போது நினைத்தார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆரோலேப் பிறந்தது

அரவிந்தோடு சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த சேவா என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பில் டேவிட் கிரீன் என்பவர் இருந்தார். தானமாக லென்ஸ் சேகரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். தானம் எத்தனை நாளைக்கு? நாமே செய்தால் என்ன என்ற கேள்வி வந்தது. ஒரு அமெரிக்க நிறுவனத்திடம் தொழில்நுட்பத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அமெரிக்காவில் இருந்த, குடும்பத்திலேயே ஒரு இன்ஜினியர், மதுரைக்குத் திரும்பி வந்தார். 1992-ல் ஆரோலேப் ஆரம்பம். டாக்டர் வி-க்கு அப்போது 74 வயது.

கேட்கும்போது சுலபமாகத் தெரியும். ஒரு லென்ஸ் 6 மில்லிமீட்டர் அகலம்தான், ஓரத்தில் அது கண்ணுக்குள் நகராமல் பிடித்துக்கொள்ள இரண்டு மெல்லிய கொக்கிகள். கடைசல் மெஷினில் கடைந்து, மெருகேற்றி, பவர் சரியா என்று ஒவ்வொன்றாக அளந்து, தூசி இல்லாத அறையில் வைத்து, கிருமி நீக்கி, பாக்கெட் போடணும். ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தாலும் கண்ணுக்குள் புண். மதுரைத் தூசியில் தூசி இல்லாத அறை கட்டணும், கரண்ட் போனாலும் காற்று சுத்தமா இருக்கணும். வேலைக்கு எடுத்தது யாரை? ஆஸ்பத்திரியில் செய்த மாதிரியே, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து லென்ஸில் குறை கண்டுபிடிப்பது அவர்கள் வேலை.

வெளியே 100 டாலர் விற்ற பொருள் இங்கே 10 டாலர் பக்கம் வந்தது. சில வருஷங்களில் 5 டாலர் அளவுக்கு இறங்கியது. இலவசப் பகுதி நோயாளிக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது. சோடாபுட்டி மெல்ல மெல்ல மறைந்தது. 1990-களின் நடுவில் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் புரை ஒழிப்புத் திட்டம் வந்தபோது அரசு ஆஸ்பத்திரிகளும் லென்ஸுக்கு மாறின. கையில் மலிவான லென்ஸ் இருந்த நேரம் அது என்பதை மறக்கக் கூடாது.

சரி, விலை எப்படி இவ்வளவு இறங்கியது? மந்திரம் எதுவும் இல்லை. 100 டாலர் என்பது லென்ஸைச் செய்யும் செலவு இல்லை, அந்தச் சந்தை தாங்கிய விலை. பிளாஸ்டிக் துண்டுக்கு ஆகும் காசு அதில் ரொம்பக் கம்மி. ஆரோலேப் லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளாத அறக்கட்டளை. வாங்குவதற்கு அரவிந்த் என்ற பெரிய ஆஸ்பத்திரி முதல் நாளிலிருந்தே இருந்தது. புதுக் கம்பெனிக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்பது தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

லென்ஸோடு நிற்கவில்லை. அடுத்தது தையல் நூல். கண்ணில் தைக்கிற நைலான் நூல் தலைமுடியை விட மெல்லியது, வெறும் கண்ணுக்குச் சரியாகவே தெரியாது. ஊசியின் பின்பக்கத்தில் துளை போட்டு நூலை உள்ளே செருகி அழுத்தணும். நம்ம வீட்டுத் தையல் ஊசி மாதிரி காது வைத்துக் கோர்க்க முடியாது, கண்ணைக் கிழிச்சிடும். பிறகு கண் மருந்துகள், ஆபரேஷன் பிளேடுகள், கருவிகள். டுட்லிங்கனும் மெல்சுங்கனும் நூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வேலையில் ஒரு பகுதி மதுரைக்கும் வந்தது. ஐரோப்பாவில் விற்பதற்கான தரச் சான்றும் கிடைத்தது. இன்றைக்கு 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து சரக்கு போகுது.

எல்லாமே வெற்றியா?

இல்லை. முகாம் போட்டால் ஜனங்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையையே அரவிந்த் சம்பந்தப்பட்ட ஆய்வு ஒன்று 1990-களின் கடைசியில் ஆட்டி வைத்தது. கண் சிகிச்சை தேவைப்பட்ட கிராமத்து மக்களில் 10 பேரில் ஒருத்தர்கூட முகாமுக்கு வரவில்லை என்று அது காட்டியது. பயம், வீட்டில் ஆள் இல்லாதது, ஒரு நாள் கூலி போகும் என்ற கணக்கு, இந்த வயசுல எனக்கென்ன என்ற எண்ணம் என்று காரணங்கள் நிறைய. இலவசம் என்று சொன்னாலும், பஸ் செலவும் சாப்பாடும் இலவசம் இல்லையே. அதனால்தான் பஸ் வைத்துக் கூட்டிட்டுப் போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடும் முறை முக்கியமாச்சு. 2000-களின் நடுவில் சின்ன ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் வந்தன. அங்கே பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பார்ப்பார், பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பேசுவார். கொரோனாவுக்குப் பிறகு நாம் கண்டுபிடித்த மாதிரி பேசும் விஷயம், அங்கே அதற்கு 15 வருஷம் முன்பே நடந்தது.

டாக்டர் வி முதுமையில் விரல்கள் இன்னும் மோசமான பிறகு ஆபரேஷனை நிறுத்தினார், ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்தவில்லை. 2006 ஜூலை 7-ல் மதுரையில் காலமானார். வயது 87. 2018-ல் அவர் பிறந்த நூறாவது ஆண்டில் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டது. அன்றைக்குத்தான் நிறைய இளைஞர்கள் அவர் பெயரையே முதல்முறை தேடினார்கள்.

உங்க வீட்டு அட்டையைப் பாருங்க

உங்க வீட்டில் யாருக்காவது புரை ஆபரேஷன் நடந்திருந்தால், டிஸ்சார்ஜ் பேப்பரோடு ஒரு சின்ன ஸ்டிக்கரோ அட்டையோ கொடுத்திருப்பார்கள். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் இது வழக்கம். அதில் லென்ஸ் செய்த நிறுவனத்தின் பெயர், மாடல், வரிசை எண் இருக்கும். 20, 21.5 என்கிற மாதிரி ஒரு எண்ணும் இருக்கும். அது லென்ஸின் பவர். ஆளுக்கு ஆள் மாறும், ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணை அளந்து முடிவு செய்வது. பல பேர் அந்த அட்டையைப் பழைய பில்லோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் கண்ணில் எதாவது பிரச்சினை வந்து வேறு டாக்டரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதைத்தான். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு வைத்திருக்கும் கவரிலேயே போட்டு வையுங்க.

இன்னொண்ணு, இது தென்காசிக்காரங்களுக்கு மட்டும். ஆபரேஷன் முடிந்த கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்வார்கள். சீசன் வந்தாச்சு, சாரல் அடிக்குது என்று குற்றாலத்துக்குப் போய் மெயின் அருவியில் தலையைக் கொடுத்துடாதீங்க. டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் ஓரமா நின்று வேடிக்கை பாருங்க. இந்த முறை தெளிவாகவே தெரியும்.